சிப்பாய்க்குக் கீழே ஒரு கோடு

கலியமூர்த்தி சீனச் சண்டையிலிருந்து உயிரோடு திரும்பியவர். 1982இல் தில்லியில் அரசு அலுவலகமொன்றில் பியூன், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். சண்டையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். மனைவி வடிவிடம்கூட இருபது வருடமாக வாய் திறந்ததில்லை.

அந்த வருடம் குடியிருப்போர் சங்கம் பூங்காவில் போர் நினைவுக்கல் நாட்டத் தீர்மானித்தது. தெரிந்தவர்கள் யாராவது போரில் இறந்திருந்தால் பெயர் தரலாம் என்றார்கள். கலியமூர்த்தி ஒரே ஒரு பெயரோடு செயலாளர் பாலசுப்ரமணியத்தின் வீட்டுக்குப் போனார்.

"அந்தோணிங்க சார். பட்டாளத்துல எங்க கம்பெனி சமையக்காரரு."

"ரேங்க் என்ன?"

"சமையக்காரருங்க."

"அது ரேங்க் இல்லையேய்யா." பாலசுப்ரமணியம் செக்ஷன் ஆபீசர். செத்தவர்களையும் சீனியாரிட்டிப்படி டைப் அடித்து வைத்திருந்தார். மேஜர் முதலில், சிப்பாய் கடைசியில். "சிப்பாய்க்குக் கீழ கோடு போட்டு முடிச்சாச்சு. குண்டடியா?"

"குளிருங்க."

"அச்சா... அப்ப அது இயற்கை மரணம்ல?"

பருத்திச் சட்டையோடு பனிமலைக்கு அனுப்பியது யார்? இயற்கையா? அதை எந்தக் கல்லிலும் வெட்டமாட்டார்கள். கலியமூர்த்தி மூன்று முறை நடந்தார். மூன்று முறையும் விதியைச் சொன்னார்கள்.

திறப்பு நாளில் கல்லுக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். பட்டியல் வாசித்தார்கள். பிறகு இரண்டு நிமிட மௌனம். பாதியில் கலியமூர்த்தி, "அந்தோணி!" என்று கத்தினார். கையைப் பிடித்து இழுத்தார்கள். மறுபடியும் கத்தினார்.

மறுநாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மௌனத்தைக் குலைத்ததற்கு எழுத்துமூலம் மன்னிப்பு வேண்டும், மூன்று பிரதிகள். இல்லாவிட்டால் அலுவலகத்துக்குப் புகார் போகும்.

"வேலைக்கு ஒல வெச்சிராதீங்க. ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க," என்றாள் வடிவு.

கார்பன் தாள் வைத்து எழுத உட்கார்ந்தவர் மத்தியானம்வரை எழுதினார். முதலில் படித்தவள் வடிவுதான்.

பின்வாங்கும்போது அந்தோணி நடக்க முடியாமல் ஒரு பாறையோரம் உட்கார்ந்துவிட்டான். இருவருக்கும் இருந்தது ஒரே கம்பளி, அவனுடையது. 'அப்போது அவனுக்கு மூச்சு இருந்தது. கம்பளியை உருவிக்கொண்டு நான் நடந்தேன். கலியா என்று கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.'

"இத்தன வருசம் இத எங்கங்க வெச்சிருந்தீங்க?" என்றாள் வடிவு. கலியமூர்த்தி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சாயந்திரம் பாலசுப்ரமணியம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இதுல மன்னிப்பு எங்கய்யா இருக்கு?"

"அது ஒண்ணுதான் சார் இருக்கு."