அத்தைக்கு வந்த வரன்கள்

அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். வரன் தேடும் இணையதளம் ஒன்றில் அப்பா தன் தங்கையின் பெயரைப் பதிந்துவிட்டாரே தவிர, அவருக்கு மவுஸைப் பிடித்தாலே கை நடுங்கும். வடக்கே நாங்கள் இருந்த லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அத்தை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களோடுதான் இருந்தாள். டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: “ஏட்டி, ஏதாச்சும் வந்திருக்கா?”

அப்பாவின் உத்தரவு எளிது. மத்திய அரசு வேலை, நம்ம சபை. பொருந்தாதவர்களை நானே தள்ளிவிடலாம். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் அவரிடம் காட்ட வேண்டும். நாளடைவில் என் சட்டங்களையும் சேர்த்துக்கொண்டேன். காதில் முடி இருந்தால் வேண்டாம். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் வேண்டாம். பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டுத் தோழி வந்துவிடுவாள். பெரிய பெரிய இன்ஜினியர்களையெல்லாம் நாங்கள் இருவரும் முறுக்கைக் கடித்தபடியே நிராகரித்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருவர் வந்தார். குரங்குக் குல்லாவோடு எடுத்த படம். மற்றவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினால், இவர் தமிழில் ஒரு பக்கம் எழுதியிருந்தார். எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் ‘அம்மா’. அது நாலைந்து இடத்தில் இருந்தது.

“மம்மாஸ் பாய்!” என்றாள் தோழி. விழுந்து விழுந்து சிரித்தோம். நிராகரிக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அன்று மாலை அத்தை வழக்கம்போலக் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, “தமிழ்ல எழுதி யாரும் அனுப்பலையாட்டி?” என்றாள். தமிழ் படிக்கத் தெரியாததற்கு முந்தின நாள்தான் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். “இல்ல அத்தை” என்றேன்.

குளிர் முடியும்வரை அதையே கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

போன வருஷம் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது நாகர்கோவிலிலிருந்து அத்தை வந்திருந்தாள். அவளைக் கட்டிய மாமா கெட்டவரில்லை. இருவரும் பேசிக்கொள்வதுதான் குறைவு. என் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

“அப்போ ஒருத்தர் இருந்தாரு. அவங்க அம்மா எங்க வார்டுல ஒரு மாசம் கெடந்தாங்க. எப்பவும் தலையில ஒரு குரங்குக் குல்லா. என்னைக் கட்டிக்கிறீங்களான்னு நேரடியாவே கேட்டாரு. எங்க அண்ணனுக்கு முறையா எழுதுங்க, தமிழ்ல எழுதினா அவுகளுக்குப் பிடிக்கும்னு நாந்தான் சொன்னேன். எழுதவே இல்லட்டி. மனசு மாறிருக்கும்.”

என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்த அந்த வருஷம், குளிர் முடிந்த மார்ச் மாதத்தில் அப்பா, ரயில்வேயில் வேலை பார்க்கும் மாமாவின் போட்டோவை அத்தையிடம் நீட்டினார். அவள் கை நீட்டவில்லை. “ஒங்களுக்குப் பிடிச்சா சரிண்ணே” என்று சொல்லிவிட்டு, மறுநாள் டூட்டிக்கான வெள்ளை உடுப்பை இஸ்திரி போட உள்ளே போய்விட்டாள். போட்டோகூடத் தேவைப்படாத அளவுக்கு அத்தைக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று நான் தோழி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.