பேய் நீக்கும் பட்டன்

போன கிழமை மலர் அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நான் என்ன பேயோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த மனைவி என் காலை மிதித்தார். நல்ல வேளை! ஏனென்றால் உண்மையான பதில் 'ஓம், பேய்தான்' என்பதுதான். என் லப்டொப் அப்படித்தான் முடிவெடுத்திருந்தது.

இருங்கள், முதலிலிருந்தே சொல்கிறேன்.

நண்பர் சிவநேசன் தர்மபுரத்தில் புது வீடு கட்டி முடித்து, போன மாதம் குடிபூரல் வைத்தார். மலர் அக்கா அவருடைய மூத்த சகோதரி. கல்யாணம் செய்யாதவர், தம்பி குடும்பத்தோடுதான் இருக்கிறார். கட்டட வேலை நடந்த காலம் முழுவதும் குடையும் கையுமாக மேசன்மாருக்கு முன்னால் நின்றவர். "உந்தச் சுவர் கொஞ்சம் சரியுது" என்று அவர் ஒரு சொல் சொன்னால், சுவரே பயந்து நிமிர்ந்துவிடும்.

சிவநேசனின் மனைவி வசந்திக்கும் மலர் அக்காவுக்கும் சமைக்கிற குசினி விஷயத்தில் ஒரு தகராறு. ஜன்னல் கிழக்கே வைப்பதா, தெற்கே வைப்பதா? அதில் தொடங்கி இருவரும் நேருக்கு நேர் கதைப்பதையே விட்டிருந்தார்கள். 'அவா இப்பிடிச் சொல்லுறா', 'இவா அப்பிடிச் சொல்லுறா' என்று சிவநேசனுக்கு ஒரே வீட்டுக்குள் தபால்காரர் வேலை. குடிபூரல் அன்றுதான் மச்சாள்மார் இருவரும் ஒன்றாக நின்று பால் காய்ச்சினார்கள். பால் பொங்கியபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை நானே கண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் சிவநேசன் சொன்னார்: "மச்சான், ஹோலுக்குள்ள எல்லாரையும் நிக்க வைச்சு ஒரு நல்ல படம் எடு. ஜன்னலுக்கால வயலும் தெரியவேணும்."

சொல்வது சுலபம். ஹோலுக்குள் இருட்டு. வெளியே காலபோக நெல்லின்மேல் வெயில் கொளுத்துகிறது. ஆட்களுக்கு ஏற்றபடி வெளிச்சத்தை வைத்தால் வயல் வெள்ளைச் சீலையாகிவிடும். வயலுக்கு வைத்தால் ஆட்கள் கரிக்கட்டை. நம் கண் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிடுகிறது. பாவம், கமராவுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை.

இதற்குத்தான் எச்.டி.ஆர். என்று ஒன்று இருக்கிறது. கமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஒரே காட்சியை மூன்று தரம் எடுக்க வேண்டும் — ஒன்று இருட்டாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று வெளிச்சமாக. பிறகு கொம்பியூட்டர் வயலை ஒரு படத்திலிருந்தும் முகங்களை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒன்றாக்கித் தரும். ஒரேயொரு நிபந்தனை: மூன்று தரமும் ஆட்கள் அசையக்கூடாது.

அசையக்கூடாதாம்... மலர் அக்கா!

"ஒருத்தரும் அசையாதேங்கோ" என்றேன். எல்லோரும் சிலையானார்கள். எல்லோரும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு தரமும் வெளிச்சத்தை மாற்றி வைத்தபடி, நான் கமராவின் திரையில் ஜன்னலையும் வயலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டாண்டை மடக்கும்போது வசந்தி மெல்லக் கிட்ட வந்தார்.

"அண்ணை, அந்தக் கறுப்பை எடுத்துவிடுங்கோ."

முதல்நாள் பலகாரம் சுட்டபோது எண்ணெய் தெறித்து அவர் கன்னத்தில் ஒரு கறுப்பு அடையாளம். "ஒருத்தருக்கும் தெரியாமல் எடுத்துவிடுறன்" என்றேன். மலர் அக்கா தேத்தண்ணித் தட்டோடு எங்களைக் கடந்து போனார்.

வீட்டுக்கு வந்து மூன்று படங்களையும் சேர்த்தேன். முதல் முயற்சியில் எல்லோருடைய தலையைச் சுற்றியும் ஒரு ஒளிவட்டம்! இருட்டும் வெளிச்சமும் முட்டுகிற விளிம்பில், அளவுக்கு மீறி இழுத்தால் அப்படி வரும். மனைவி எட்டிப் பார்த்தார்.

"சாம்பிராணி போடட்டோ?"

குறைத்தேன். பிறகு நிறம். கொஞ்சம் கூட்டினேன், வயல் பச்சையானது. இன்னும் கொஞ்சம்... இன்னும் ஒரு சொட்டு... கறியை ருசி பார்த்துப் பார்த்து உப்புப் போடுகிறவருக்கு நாக்கு மரத்துப்போவதில்லையா? இந்த வேலையில் கண் மரத்துப்போகும். கடைசியில் வயல் பிளாஸ்டிக் வாளியின் பச்சைக்கு வந்து நின்றது. எனக்கோ அது சொர்க்கமாகத் தெரிந்தது.

படத்தில் அங்கங்கே புகை மாதிரி ஒரு கலங்கல். ஏதாவது அசைந்தால் அப்படி வரும். இந்தத் தொழிலில் அதற்குப் பெயரே 'பேய்'. பேயை நீக்க ஒரு பட்டனும் வைத்திருக்கிறார்கள். மூன்று படத்திலும் ஒரே இடத்தில் நிற்காதது எதுவோ, அதைத் தூக்கிவிட்டுப் பின்னாலிருக்கும் சுவரை நிரப்பிவிடும். தட்டினேன். கலங்கல் போய்விட்டது. என்ன சுத்தம்!

பெரிதாக அடித்து, பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹோலில் மாட்டினார்கள். "வயலைப் பாரன், வெளிநாடு மாதிரி!" என்றார் சிவநேசன். என் கால் நிலத்தில் இல்லை.

மலர் அக்கா குசினிக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். படத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"இதில நான் எங்க?"

படம் எடுத்தபோது நின்றதைவிட இப்போது எல்லோரும் நன்றாக அசையாமல் நின்றார்கள்.

"கறுப்பை எடுக்கச் சொன்னவா. எடுத்துப்போட்டீங்கள்" என்றார் மலர் அக்கா. குரல் உயரவே இல்லை. அவர் நல்ல கறுப்பு. அதைச் சொல்லிச் சின்ன வயதிலிருந்தே பலர் கேலி செய்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

வசந்தி பதறிப்போனார். "ஐயோ மச்சாள், நான் சொன்னது என்ர கன்னத்துக் கறுப்பை! பாருங்கோ, அது முந்தியைவிடப் பெரிசா நிக்குது!"

அதுவும் உண்மை. எச்.டி.ஆர். சின்னச் சின்ன விவரங்களையெல்லாம் தூக்கிக் காட்டும். எடுக்கச் சொன்ன அடையாளம், நான் மறந்துபோனதால், கடலைக்கொட்டை மாதிரிப் படத்தில் இருக்கிறது. எடுக்கச் சொல்லாத ஆள் இல்லை. இதை யார் நம்புவார்?

மலர் அக்கா நம்பவில்லை. அன்று பின்னேரமே பையை எடுத்துக்கொண்டு அக்கராயனில் இருக்கும் இளைய தம்பி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்தநாள் காலையில் சிவநேசனின் ஃபோன். "மச்சான், வசந்தி நேற்றையில இருந்து சாப்பிடேல்லை. அக்கா ஃபோனை எடுக்கிறா இல்லை. நீதானே ஆளை எடுத்தனி? நீயே திருப்பி வை!"

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பின்னால் மனைவி, அவர் மடியில் லப்டொப்.

மலர் அக்கா விறாந்தையில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களை இருக்கச் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை.

"படத்தில இல்லாட்டிப் போகட்டும் தம்பி. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. சண்டை நேரம் இடம்பெயர்ந்து ஓடேக்க எங்கட வீட்டுப் படம் ஒண்டும் மிஞ்சேல்லை. அம்மாவின்ர முகத்தைப் பார்க்க ஒரு துண்டு இல்லை. புது வீட்டில முதல் மாட்டின படம் உது. நாளைக்கு ஆரும் பார்த்தால், அங்க மலர் எண்டு ஒருத்தி இருந்தவள் எண்டு என்னெண்டு தெரியும்?"

வரும் வழியெல்லாம், ஒரு பகிடி விட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன். இனி அது சரிவராது.

லப்டொப்பைத் திறந்து முதல் படத்தைக் காட்டினேன். மலர் அக்கா ஜன்னலடியில் நின்று திரைச்சீலையை இழுத்துச் சரி செய்கிறார். இரண்டாவது படத்தில் சிவநேசனின் சால்வையை மடித்து விடுகிறார். மூன்றாவதில் குத்துவிளக்கின் திரியைத் தூண்டுகிறார்.

"உதுவும் நானோ?"

"ஓம் அக்கா."

"அங்காலயும் நானோ?"

"நீங்கள்தான். நிக்கச் சொன்ன இடத்தில மட்டும்தான் நீங்கள் இல்லை. ஒரு ஆள் மூண்டு இடத்தில நிண்டால் உந்த மெஷின் என்ன செய்யும்? உலாவுறது பேயெண்டு நினைச்சு எடுத்துப்போட்டுது."

அப்போதுதான் அந்தக் கேள்வி. அப்போதுதான் அந்த மிதி.

மலர் அக்கா இன்னொரு தரம் மூன்று படங்களையும் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மனைவி எழும்பினார். இல்லை... சிரிப்பு! சுளகிலிருந்த அரிசி பாதி நிலத்தில்.

சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப வசந்தி என்னை எடுக்கச் சொல்லேல்லையோ?"

"தன்ர கன்னத்தைத்தான் சொன்னவா அக்கா."

சிந்திய அரிசியைக் கூட்டிச் சுளகில் போட்டார்.

"அவள் சாப்பிட்டவளோ?"

"இல்லையாம்."

ஃபோனை எடுத்தார். "பிள்ளை, முதல் சோத்தைப் போட்டுச் சாப்பிடு. நான் பின்னேர பஸ்ஸில வாறன்." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, மூண்டு பேரையும் வையுங்கோ."

"எந்த மூண்டு பேர் அக்கா?"

"உந்த மூண்டு பேரையும்தான்! மூண்டும் நான்தானே. ஆரை விடுறது?"

இந்த முறை பட்டனை நம்பவில்லை. ஒவ்வொரு மலர் அக்காவையும் ஒவ்வொரு படத்திலிருந்து எடுத்து, கையாலேயே மெல்ல மெல்லப் பூசி ஒட்டினேன். மனைவியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வயலின் பச்சையை இறக்கினேன்; அவர் "இப்பதான் நெல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லும்வரை. வசந்தியின் கன்னத்து அடையாளத்தை எல்லாவற்றுக்கும் முதல் எடுத்துவிட்டேன்.

புதுப் படம் மாட்டியாயிற்று. ஜன்னலடியில் ஒரு மலர் அக்கா, தம்பிக்குப் பக்கத்தில் ஒரு மலர் அக்கா, விளக்கடியில் ஒரு மலர் அக்கா. வருகிறவர்கள் 'உவை மூண்டு பேரும் சகோதரங்களோ?' என்று கேட்கிறார்களாம்.

வசந்தியிடம் மெல்லக் கேட்டேன். "படம் பிழையில்லைத்தானே?"

"பிழையோ? அண்ணை, இந்த வீட்டை உள்ளபடி எடுத்த படம் எண்டால் உதுதான். எங்க திரும்பினாலும் அவா!"

சொல்லிவிட்டுத் திரும்பினார். பின்னால் மலர் அக்கா — நாலாவதாக.