லோயர் காசும் திரைந்த பாலும்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த ஊரில், மோர்னிங்சைட் பக்கம் நாங்கள் வீடு வாங்கியபோது, பால் காய்ச்சும் நேரத்தை ஐயரிடம் கேட்டேன். லோயருக்கு எப்போது காசு கொடுப்பதென்பதை மட்டும் பிறம்ரன் தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கிய நண்பனிடம் கேட்டேன். அவன் யாரோ ஒருவர் வீட்டின் நிலக்கீழ்ப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தான்.

“முன்னுக்குக் குடுத்தால் வேலை செய்யாங்கள், அண்ணை. ஊரிலை மேசனுக்குக் குடுக்கிற மாதிரித்தான். கதவுத் திறப்பு கைக்கு வரட்டும், பிறகு ஆறுதலாக் குடுங்கோ.”

வீட்டுக்காசின் மிச்சம், வரி, தன் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வங்கி உறுதிசெய்த செக்கை முதல்நாளே தரும்படி லோயர் எழுதியிருந்தார். நான் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குச் செக் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியில் என் கெட்டிக்கார முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. தூ.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கோடை வெயில். பழைய அப்பார்ட்மெண்டை ஒப்படைத்துவிட்டோம். சாமான்கள் லொறியில், மனைவி காரில், பாலும் பானையும் டிக்கியில். திறப்பு வாங்கப் போனால் லோயர் கந்தோரில் இருந்த தமிழ்ப்பிள்ளை என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

“அங்கிள், எங்கடை கட்டணம் வரேல்லை. அது வராமல் பதிவுக்குப் போகேலாது. காலமையிலிருந்து உங்களுக்குப் போன் அடிக்கிறன்.”

போனை அன்று காலைதான் வெட்டியிருந்தோம்.

“இப்பவே செக் எழுதித் தாறன், பிள்ளை.”

“உங்கடை சொந்தச் செக் சரிவராது, அங்கிள். பாங்க் உறுதிசெய்ததுதான் வேணும்.”

உள்ளேயிருந்து லோயர் வந்தார். கையில் பாதி மீன் ரோல்ஸ். எண்ணெய் வடிந்த பெருவிரலை எங்கள் வீட்டுப் பத்திரத்தில் ஊன்றி, “பதிவுக் கந்தோர் பூட்டமுதல் கொண்டுவாரும். இல்லாட்டித் திங்கட்கிழமைதான்” என்றார். பிறகு அதே விரலை நக்கினார்.

திங்கட்கிழமை வரை லொறிக்குள்ளேயா குடித்தனம்? வங்கிக்கு ஓடினேன். வரிசையில் நின்றபோது, பதற்றத்தில் வியர்த்த என் சட்டை எனக்கே குமட்டியது. முன்னால் நின்ற பெண் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பதிவு ஒருவாறு முடிந்தது. திறப்பு வந்தது. ஐயர் சொன்ன நேரம் மட்டும் எப்போதோ போய்விட்டது. புது வீட்டில் நுழைந்ததும் மனைவி பாலை அடுப்பில் வைத்தாள். பொங்கவேண்டிய பால் திரைந்து, கட்டிகட்டியாக, பச்சை நிறத் தண்ணீரில் மிதந்தது. வெயிலில் கிடந்த சொக்ஸின் மணம்.

பால் காய்ச்சலுக்கென்று அழைத்திருந்த நண்பன் அப்போதுதான் வந்தான்.

“எப்பிடி அண்ணை, நான் சொன்னபடிதானே குடுத்தனீங்கள்?”

“அப்பிடியேதான். இந்தாரும், முதல் தம்ளர் உமக்குத்தான்.”

மரியாதைக்காக அவன் ஒரே மடக்கில் விழுங்கினான். தொண்டையில் ஒரு கட்டி சிக்கி இறங்குவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி அடுத்த தம்ளரை என்னிடம் நீட்டினாள்.

“சொன்னவர் குடிச்சிட்டார். கேட்டவரும் குடியுங்கோ.”