பூஜையில் வைத்த மோட்டார்

மூன்று படித்த ஆண்பிள்ளைகள் ஒரு மோட்டாருக்காகச் சாப்பாடு வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார் கவிழவில்லை, எரியவில்லை, திருட்டுப் போகவில்லை. கொட்டிலில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. அதைச் செய்கிற சீமைக் கம்பெனி, இனிமேல் அந்த மாதிரி வண்டி செய்யப்போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் என் கணவர்.

அவர் வக்கீல். எங்கள் வீடு திருவனந்தபுரத்தில், வலியசாலை அக்ரஹாரத்தில். அவருக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்த டாக்டர். இன்னொருவர் மராமத்து இலாகாவில் எஞ்சினீயர், மலையாளி. மூன்று பேரிடமும் ஒரே மாதிரி வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு கான்வாஸ் துணி, அதை இழுத்து மாட்டுவதற்குள் உள்ளே இருப்பவர்கள் குளித்து முடித்திருப்பார்கள். பின்பக்கம் ஓடம் மாதிரிக் கூம்பியிருக்கும். முன்பக்கம் எஞ்சின் மூடியைத் தோல்வாரால் கட்டியிருக்கும். அந்தத் தோல்வாரை அவர் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற பூட்ஸுக்கு அந்த யோகம் வாய்த்ததில்லை.

அந்த வண்டி வருவதற்கு முன்னால் கொட்டிலில் ஒரு பசு இருந்தது. நல்ல பசு, காலை வீசாது. இடம் வேண்டும் என்று அதை விற்றார்கள். அதற்கப்புறம் பால்காரி ஊற்றிய தண்ணீர்ப் பாலைத்தான் காப்பிக்கு விட்டேன். அதைக் குடித்துவிட்டு, "என்ன காப்பி இது?" என்று கேட்டார். உங்கள் மோட்டாரைக் கறந்து போட்ட காப்பி என்று சொன்னேன். அன்றைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலமானால் மூன்று பேரும் கொட்டிலில் கூடுவார்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். "ஆஹா, கேட்டேளா அந்த சத்தத்தை! கச்சேரியாக்கும்!" என்பார் டாக்டர். அந்தக் கச்சேரியில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கம் கலைந்து வீரிட்டு அழும். பிறகு சங்குமுகம் கடற்கரைக்குப் போவார்கள். எங்கள் வண்டியில் அவர் பக்கத்தில் கேஸ் கொடுத்த கட்சிக்காரன் யாராவது உட்கார்ந்திருப்பான். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் அதில் ஏறியது ஒரே தடவை. "புடவை பறக்கிறது, தெருவில் எல்லாரும் பார்க்கிறா" என்று பாதி வழியில் திருப்பிவிட்டார்.

எனக்கு அதில் ஏற ஆசை இல்லை. ஆசை என் அப்பாவுக்கு.

அப்பா சுசீந்திரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க நடந்தவர். மோட்டார் என்றால் உயிர். மாப்பிள்ளை கார் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்ததிலிருந்து தெருவில் அவரைப் பிடிக்க முடியவில்லை. போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு தடவை மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, தன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். "அதுக்கென்ன மாமா, கட்டாயம்" என்று இவரும் ஒவ்வொரு வருஷமும் சொன்னார். ஒரு வருஷம் டயர் சரியில்லை, ஒரு வருஷம் ரோடு சரியில்லை. அந்த வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் பிடிவாதமாக நின்று, தீபாவளிக்குக் காரிலேயே சுசீந்திரம் போவது என்று இவரிடம் வாக்கு வாங்கினேன். அப்பாவுக்கும் எழுதியாயிற்று.

நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் செய்தி வந்தது. கப்பலில் வருகிற மோட்டார் பத்திரிகையில் போட்டிருந்தான். அந்த வண்டியை நிறுத்திவிட்டு, கம்பெனி இனிமேல் கூரை போட்ட, நாலு கதவு வைத்த பெரிய வண்டி மட்டும் செய்யுமாம். மூன்று பேரும் கொட்டிலில் இழவு வீட்டுக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"போச்சு ஸ்வாமி, எல்லாம் தீர்ந்நு போச்சு. இனி இது மாதிரி ஒரு வண்டி உண்டாவுமோ?" என்றார் எஞ்சினீயர்.

"இனிமே பெட்டி வண்டிதான். பொம்மனாட்டியும் குழந்தையும் மூட்டை முடிச்சோட ஏறிண்டு போறதுக்கு" என்றார் என் கணவர். சொன்ன முகத்தில் அப்படி ஒரு கசப்பு. நான் காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். பொம்மனாட்டியும் குழந்தையும் ஏறிப் போகக்கூடிய வண்டி வந்தால் உலகம் முடிந்துபோயிற்று என்று உட்கார்ந்திருக்கிற இந்த மூன்று பேருக்குமா காப்பி கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டம்ளரை 'டக்'கென்று வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் சாப்பாடு வேண்டாம் என்றது. மூன்று பேருக்குமாக வார்த்து வைத்த அடையை எல்லாம் நானும் சமையற்கார மாமியும் திருப்தியாகச் சாப்பிட்டோம்.

துர்காஷ்டமி வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு சாயங்காலம் புஸ்தகத்தையும் தொழில் செய்கிற சாமான்களையும் சரஸ்வதிக்கு முன்னால் பூஜைக்கு வைப்பார்கள். வைத்ததை நடுவில் தொடக் கூடாது. விஜயதசமி காலையில் பூஜையிலிருந்து எடுத்து, புஸ்தகமானால் நாலு வரி படிக்க வேண்டும், வாத்தியமானால் கொஞ்சம் வாசிக்க வேண்டும். இவருடைய சட்டப் புஸ்தகங்களை வைத்தோம். மோட்டார் பூஜை அறைக்குள் வராது என்பதால் கொட்டிலையே மெழுகிக் கோலம் போட்டு, வண்டிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றினார்கள். அதுவரைக்கும் எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான்.

விஜயதசமி காலையில் சட்டப் புஸ்தகத்தை எடுத்து நாலு வரி படித்தார். வண்டியை எடுக்கவில்லை.

"கார்?" என்றேன்.

"அது பூஜையிலேயே இருக்கட்டும்."

"எதுவரைக்கும்?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும். இனிமே இந்த வண்டி உலகத்திலே கிடையாது, கேட்டியோ? ஓட்டினா தேயும். டாக்டரும் எஞ்சினீயரும் அப்படித்தான் தீர்மானிச்சிருக்கா."

பூஜை பண்ணி வைத்த வாத்தியார் திகைத்துப் போனார். "வெச்சதை எடுக்கணுமே அண்ணா, எடுக்கறதுதானே விஜயதசமி" என்றார். "எடுத்தே ஆகணும்னு எந்த சாஸ்திரத்திலே இருக்கு, காட்டுங்கோ பார்ப்போம்" என்று அவரையே குறுக்கு விசாரணை பண்ணினார் என் கணவர். அந்த அப்பாவி மனுஷர் தட்சிணையை வாங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார். சாயங்காலம் மூன்று பேருமாகச் சேர்ந்து, டயர் கெடாமல் இருக்க வண்டியை உயர்த்தி, அச்சுக்கு அடியில் செங்கல்லை அடுக்கினார்கள். பெட்ரோலை வடித்தார்கள். மேலே மல்வேஷ்டியைப் போர்த்தினார்கள். பிரேதத்துக்குக்கூட அத்தனை பரிவோடு போர்த்தி நான் பார்த்ததில்லை.

"அப்பாகிட்டே தீபாவளிக்குக் கார்னு சொல்லியிருக்கே" என்றேன்.

"பஸ்ஸிலே போகலாம். அவர் என்ன குழந்தையா? எழுது, புரிஞ்சுப்பார்."

"நீங்களே எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதவில்லை. எழுதுகிற தைரியமும் கிடையாது, ஓட்டுகிற மனசும் கிடையாது. கோர்ட்டில் மட்டும் சிங்கமாம்.

தீபாவளிக்கு முன்னால் அப்பாவே வந்து நின்றார். சுசீந்திரத்திலிருந்து பஸ்ஸில் கிழக்கேகோட்டை வந்து, அங்கிருந்து ஜட்கா பிடித்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. கையில் பட்சணத் தூக்கு. தோளில் அகல ஜரிகை போட்ட புது அங்கவஸ்திரம்.

"என்னப்பா, இந்த உடம்போட?"

"மாப்பிள்ளை அங்கே வந்து என்னை ஏத்திண்டு சுத்தறதைவிட, நானே இங்கே வந்துட்டா திரும்பறப்போ முழு தூரமும் கார்லேயே போலாமேன்னு தோணித்து. நீ பஸ்ஸிலே வந்துடு, என்ன?" என்றார். என்னிடம்கூட ஒரு கெஞ்சல். எனக்கு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் கொட்டிலில் கூடியிருந்தார்கள். அப்பா நேரே அங்கே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். மல்வேஷ்டி போர்த்திச் செங்கல் மேல் நின்ற வண்டியையும், அதற்கு முன்னால் எரிந்த விளக்கையும் பார்த்து, "ரிப்பேரா?" என்று கேட்டார்.

"ரிப்பேரா! பிரமாதமா ஓடும் மாமா" என்றார் டாக்டர். பிறகு மூன்று பேரும் மாற்றி மாற்றி விளக்கினார்கள். கம்பெனி நிறுத்திவிட்டது, இனி வராது, இது ஒரு பொக்கிஷம், வரப்போகிற தலைமுறை வந்து கும்பிடும் என்று. அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "செரி. கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்றார்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் அப்பா ஒரு சீட்டில் உட்காரலாமா என்று மூன்று பட்டதாரிகள் யோசித்தார்கள். எஞ்சினீயர்தான், "பாவம், இருந்நோட்டே" என்று உட்காரச் சொன்னார். இவர் மல்வேஷ்டியை விலக்கி, ஒரு துண்டைக் கொண்டுவந்து சீட்டின் மேல் விரித்தார். தோல் அழுக்காகிவிடுமாம்.

அப்பா காலை அலம்பிக்கொண்டு வந்து ஏறினார். அங்கவஸ்திரத்தைச் சரிபண்ணிக்கொண்டார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே மாட்டுத்தொட்டி. அப்பா கொஞ்ச நேரம் என் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்து பக்கத்தில் ஏறி உட்காருவார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எறங்கட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது வந்தது கோபமே இல்லை. அருவருப்பு. சாணி நாற்றம் பிடித்த இடத்தில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், அந்த அருவருப்பு வந்ததில்லை. "நீங்கள்லாம் மனுஷாளா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "உனக்கு இதெல்லாம் புரியாது, உள்ளே போ" என்றார் என் கணவர். அப்பாதான், "சும்மா இரும்மா, மாப்பிள்ளையைப் போய் அப்படியெல்லாம் பேசப்படாது" என்று என்னை அடக்கினார்.

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார். கிழக்கேகோட்டைக்குப் போய்ப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டார். அந்தத் தீபாவளிக்கு நான் எண்ணெய்கூட வைத்துக்கொள்ளவில்லை.

பங்குனியில் அப்பா போய்விட்டார். தந்தி வந்து, நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். கார் செங்கல் மேலேயே இருந்தது. டாக்டரும் எஞ்சினீயரும் தங்கள் வண்டிகளை எடுத்து ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். இவருக்குத்தான் வைராக்கியம்.

சுசீந்திரத்தில் பதிமூன்றாம் நாள் சாப்பாடெல்லாம் முடிந்து, அப்பாவின் தெருவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுக்களை நிலைப்படி ஓரத்தில் நின்றிருந்தேன். எதிர்வீட்டு மாமா, பழைய போஸ்ட்மாஸ்டர், என் கணவரைப் பார்த்துக் கேட்டார்: "என்ன, இந்தத் தடவை கார் வரலையோ?"

இவர் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "தீபாவளிக்கு உங்க மாமனாரைத் திருவனந்தபுரத்திலேர்ந்து நீங்க கார்லே வெச்சு அழைச்சுண்டு வந்தேளாமே! இதோ பக்கத்திலே பார்வதிபுரம் வரைக்கும் வந்து, டயர் என்னமோ ஆயிடுத்துன்னு அவரை அங்கே எறக்கி விட்டுட்டுத் திரும்பினேளாமே! நாள் தவறாம சொல்லிண்டே இருந்தார். தெருவுக்குள்ளே வந்திருந்தா நாங்களும் பார்த்திருப்போம். எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கல்லே."

என் அப்பா ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மனுஷருடைய மானம் தன் தெருவில் போகக் கூடாது என்று, நெஞ்சுவலியோடு உட்கார்ந்து இத்தனை பொய்யைக் கட்டியிருக்கிறார். டயர் வரைக்கும் யோசித்திருக்கிறார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் வெட்கம் வந்துவிட்டது, உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்து நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்தார்.

"ஆமாம், நல்ல ஸ்பீடாக்கும் அன்னிக்கு" என்றார். "மாமாதான் பயந்துண்டு, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்கோ மாப்பிள்ளைன்னு வழி முழுக்கக் கெஞ்சிண்டே வந்தார், பாவம்."