மீசை வரைந்த கேட்லாக்

"…கார் படம் போட்டிருந்தாலும் சரி, டிராகன் படம் போட்டிருந்தாலும் சரி, உள்ள எழுத்துன்னு ஒண்ணு இருக்குல்ல? அப்ப அது சரஸ்வதிதான். நாளைக்குக் காலைல மறுபூஜை முடியற வரைக்கும் யாரும் எடுக்கக்கூடாது, பிரிக்கக்கூடாது" என்றாள் என் மனைவி. அவள் மோதிர விரலில் சந்தனம் காயாமல் இருந்தது. அன்று மாலையே விமானம் ஏற வேண்டிய ஒருவர், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது பூஜையில் இருந்தது.

நான் பழைய வீடியோ கேம் கேட்லாக் சேர்க்கிறவன். கேம் அல்ல, கேட்லாக். டிவியில் செருகி விளையாடும் கேசட்டுகள் வந்த காலத்தில், பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, மற்ற கேம்களின் படம் போட்ட வழவழப்பான சின்னப் புத்தகங்கள், அவைதான். கூடவே போஸ்டர், உத்தரவாத அட்டை, காலிப் பெட்டி. விளையாட எனக்கு வராது. ஒரே ஒரு முறை ஆடிப் பார்த்தேன், முதல் பள்ளத்திலேயே விழுந்துவிட்டேன். ஆனால் எந்தக் கேட்லாக்கில் அந்தப் பள்ளத்துக்கு என்ன நிறம் அடித்திருந்தார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஒருநாள் மூட்டையோடு வந்த என்னைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் காவேரிப் பாலம் வரைக்கும் விசாரித்துவிட்டு, "அப்ப ஓட்டலுக்குள்ளயே போகாம மெனு கார்டை மட்டும் சேத்து வைக்கிற ஆளு நீங்க" என்றார். என்னைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது, தென்னூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. அதில் இருக்கிற அத்தனை பேருக்கும் யாரோ நீல பால்பாயிண்ட் பேனாவால் மீசை வரைந்திருந்தார்கள். ரேஸ் காரோட்டிக்கு மீசை. முகமூடி போட்ட சண்டைக்காரனுக்கு முகமூடிக்கு மேலேயே மீசை. டிராகனுக்கு முறுக்கு மீசை. காருக்கும் ஒன்று, இரண்டு விளக்குக்கும் நடுவில். கடைசிப் பக்கத்தில் இளவரசிக்கு வைத்ததுதான் இருப்பதிலேயே அடர்த்தி. இதைப் படமெடுத்து எங்கள் சேகரிப்பாளர் வாட்ஸப் குழுவில் போட்டேன். எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். இப்படிப் பாழாக்கிவிட்டார்களே என்றார் ஒருவர். வளைகுடாவில் ஏசி வேலை பார்க்கும் ஒரு பாய் மட்டும், "சார், அது என் புக்கு" என்று எழுதினார்.

அவர் பாலக்கரைக்காரர். சின்ன வயதில் அவருடைய அத்தா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேசட்டோடு வந்த கேட்லாக் அது. மீசை வரைந்தது அவருடைய தங்கை. அடி வாங்கியது இவர். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் இளவரசியின் மீசைக்குக் கீழே, அப்போதுதான் எழுதப் பழகியிருந்த தங்கை தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருக்கிறாள். ஓவியர் கையெழுத்து. அதை யாருக்கும் காட்டுவதற்குள் புத்தகம் எடைக்குப் போய்விட்டது. அந்தத் தங்கையும் இப்போது கணவரோடு அதே வளைகுடா ஊரில்தான் இருக்கிறார். இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. நான் குழுவில் போட்ட படத்தைக் காட்டியதற்கும், போனில் யாரும் எதையும் வரையலாம் என்றாராம்.

கொடுத்துவிடுகிறேன் என்று நான் போனில் சொல்லியிருந்தேன். லீவில் வந்தவருக்கு வீட்டுக் கல்யாண வேலையிலேயே நாள் போய்விட்டது. கிளம்புகிற அன்றுதான் வர முடிந்தது. அது சரஸ்வதி பூஜை நாள் என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

எங்கள் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். பூஜையில் வைக்க வீட்டில் பாடப் புத்தகம் இல்லை. வெறும் பஞ்சாங்கத்தையும் ஒரு பழைய அட்லஸையும் வைத்தால் சரஸ்வதி என்ன நினைப்பாள் என்று, என் மனைவி என் கேட்லாக்குகளை எடுத்து அழகாக அடுக்கிவிட்டாள். காலையில் பார்த்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நடுவில் சாய்த்து வைத்திருந்த மீசை கேட்லாக்கில், காரோட்டியின் நெற்றியில் சரியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். தலைக்கவசத்தோடு மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

இப்போது அந்த அடுக்கைத் தொடக்கூடாது என்கிறாள். அது புத்தகமே இல்லை, விளம்பரம் என்றேன். மளிகைக் கடை நோட்டீஸுக்கெல்லாம் பொட்டு வைப்பாயா என்று கேட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முன்பு ஒரு தடவை அவள் இதையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போடக் கிளம்பியபோது, எழுத்துள்ள காகிதம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், அதைப் போய் எடைக்குப் போடலாமா என்று கேட்டு நிறுத்தியவன் நான்.

"அன்னிக்கு சரஸ்வதி, இன்னிக்கு நோட்டீஸா?" என்றாள்.

சரி, விளையாட்டுச் சாமான் என்று வைத்துக்கொள், ஆயுத பூஜைக் கணக்கில் போய்விடும் என்றேன். ஆயுதத்தையும் இன்றைக்கு எடுக்கக்கூடாது என்றாள். தெருவில் மாலை போட்டு நிறுத்தியிருந்த ஆட்டோக்களைச் சாட்சிக்குக் காட்டினாள்.

நான் பாயைப் பார்த்தேன். அவராவது என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன்.

"அக்கா சொல்றது சரிதான் சார்" என்றார். "எங்க வீட்லயும் எழுத்துள்ள காகிதம் தரையில கெடந்தா எடுத்து மேல வைப்போம். எனக்காகப் பூஜையைக் கலைக்காதீங்க. அடுத்த லீவுல வந்து வாங்கிக்கிறேன்."

அடுத்த லீவு எப்போது என்று கேட்டேன். ரெண்டு வருஷம் ஆகும் என்று, பஸ் வர ரெண்டு நிமிஷம் ஆகும் என்பதைப்போலச் சொன்னார். ஆனால் கண் மட்டும் அந்தக் காரோட்டியை விட்டு நகரவில்லை.

வீடு தேடி வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று என் மனைவி அவரை உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்தாள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். அவர் மீசை வழக்கை முதலிலிருந்து சொன்னார். கேட்கக் கேட்க அவள் கையில் இருந்த கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

"இன்னுமா உங்க தங்கச்சி ஒத்துக்கல?"

"எங்க ஒத்துக்கறா அக்கா. இந்தக் கல்யாணத்துலகூட வீடியோ கால்ல வந்து, நீயே வரைஞ்சுட்டு என் மேல பழி போடுறியான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. பந்தியே சிரிச்சுது."

என் மனைவிக்கும் தொட்டியத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். சிறுவயதில் அவர் வாய்க்காலில் விட்ட டார்ச் லைட்டுக்கு இவள் அடி வாங்கினாள். இன்றைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழைத்தாரோடு வந்து இறங்குகிறவர், தாரைக் கீழே வைக்குமுன், "டார்ச்சைத் தொலைச்சவளே, நல்லாருக்கியா?" என்றுதான் கேட்பார். வாய்க்காலில் போன டார்ச்சுக்குச் சாட்சி ஏது?

கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, மற்றது எதுவும் அசையாமல், அந்த ஒரு கேட்லாக்கை மட்டும் உருவினாள். எடுக்கக்கூடாது என்றாயே என்றேன்.

"பிரிக்கத்தான் கூடாது. பெருமாளே வீதிக்கு வர்றாரு, புக்கு ஒரு ஊருக்குப் போயிட்டு வரக்கூடாதா?" என்றாள். எடுக்கக்கூடாது என்கிற பாதிச் சட்டம் அத்தோடு காணாமல் போயிற்று.

பூத்தொடுக்கும் நாரை எடுத்துக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, விரல் நுழையாதபடி முடிச்சுப் போட்டாள். சந்தனமும் குங்குமமும் இருக்கிறதே, துடைத்துத் தரட்டுமா என்று அவரிடம் கேட்டாள். கல்யாண வீட்டிலிருந்து வருகிறவனுக்குச் சந்தனம் புதிதா, அப்படியே இருக்கட்டும் என்றார் அவர்.

"தம்பி, நீங்க பிரிக்காதீங்க. நாளைக்குக் காலைல போயி, உங்க தங்கச்சி கையாலயே பிரிக்கச் சொல்லுங்க. கடைசிப் பக்கத்தை முதல்ல பாக்கச் சொல்லுங்க."

அந்த ஊர்க் காலையா, நம் ஊர்க் காலையா என்று அவர் கவலையோடு கேட்டார். இரண்டில் எது பிந்தி வருகிறதோ அது என்றாள். ஏர்போர்ட்டில் பிரித்துக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்றார்.

"பிரிச்சா படிச்சதெல்லாம் மறந்துபோயிடும்னு சொல்லுங்க. ஆபீசருங்க, பயப்படுவாங்க."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பெட்டியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சேகரிப்பிலேயே இதைப்போல் இன்னொன்று கிடையாது, இனிமேல் கிடைக்கப்போவதும் இல்லை. முடிச்சை அவிழ்க்க வேண்டாம், பொட்டு வைத்த மேலட்டையை மட்டுமாவது ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று போனை எடுத்தேன்.

என் மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். அதன் முதுகில் பொடியாக ஏதோ எழுதியிருந்தது. அங்கே ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கேட்லாக் இருந்த இடத்தில் சாய்த்து வைத்தாள்.