ஆறு மணிக்குத் தறி நின்ற தெரு

போன செவ்வாய்க்கிழமை காலை நாகமணி கைப்பேசியில் அழைத்தாள். எங்கள் பழைய மாணவி, இப்போது திருத்தணியில் செவிலியர். "சார், எஸ்தர் மேடம் போய்ட்டாங்க சார்" என்றாள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் மேடம் தலைமையாசிரியர், நான் கணக்கு ஆசிரியர். அவரை அறிந்த உங்களுக்கு அவர் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அவரோடு சண்டை போட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்.

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஆய்வுக் கூட்டம் நடக்கும். தேர்ச்சி விழுக்காட்டின்படி பள்ளிகளை வரிசையாக வாசிப்பார்கள். கடைசிப் பள்ளி எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நின்றவர் மேடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை அவமானம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பள்ளி எப்போதும் நூறு. அவர்கள் வித்தை எல்லோருக்கும் தெரியும்: தேறாத பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நானும் அந்த வித்தையில் இறங்கினேன். அப்போது ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்த நாகமணி, வீட்டு விசைத்தறி வேலையால் பாதி நாள் வரமாட்டாள். கணக்கில் ஒற்றை இலக்கம். அவளுக்கு டி.சி. எழுதி மேடத்தின் மேசையில் வைத்தேன். படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"கணக்கு வரலன்னு பொண்ண அனுப்பிட்டா, கணக்கு வாத்தியாரு எதுக்கு சார்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்த வருஷமும் நீங்கதான் மேடம் எழுந்து நிக்கணும்."

"நின்னா கால் வலிக்கும். அவ்ளோதானே சார்."

அன்று மாலையே என்னை நாகமணியின் தெருவுக்கு இழுத்துப் போனார். வீட்டுக்கு வீடு தறி. கத்தினால்தான் காதில் விழும். அவள் அப்பாவிடம், "கரண்ட் போனா தறி நிக்குதில்ல? தெனமும் ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் கரண்ட் போச்சுன்னு நெனச்சுக்கோங்க" என்றார்.

"நான் நிறுத்திடுவேன் மேடம். பக்கத்து வூட்ல ஓடிக்கினு இருக்குமே, புள்ள எப்டி படிக்கும்?"

"நைனா, நானே போய் கேக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னாள் நாகமணி. அவளை முன்னே நடக்கவிட்டு, மேடம் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார்.

மறுநாள் ஆறு மணிக்கு ஒவ்வொரு தறியாக நின்றது. அந்தத் தெருவில் நாய் குரைப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அடுத்த ஆண்டுப் பரீட்சைவரை அந்த ஒரு மணி நேரம், தேறாத பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்து நான் அங்கேதான் கணக்கு நடத்தினேன்.

நாகமணி கணக்கில் முப்பத்தாறு வாங்கினாள். முப்பத்தைந்து போதும், ஒன்று கூடுதல். என் பணிக்காலத்தில் அதைவிடப் பெரிய மதிப்பெண்ணை நான் பார்த்ததில்லை. எங்கள் பள்ளியும் நூறு.

அந்த ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில் கல்வி அலுவலர் பாராட்டியதும் மேடம் எழுந்தார். "ஐயா, ஆறாவதுல சேர்ந்த புள்ளைங்கள்ல எத்தன பேரு பத்தாவது எழுதினாங்கன்னும் ஒருதடவ கேட்டுடுங்க." அலுவலர் கேட்டார். எப்போதும் நூறு வாங்கும் பள்ளி கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தது. சேர்ந்த அத்தனை பேரையும் எழுதவைத்தது எங்கள் பள்ளி ஒன்றுதான். முதலில் கைதட்டியவன் நான். பிறகு அரங்கமே தட்டியது.

ஓய்வுபெற்ற அன்று மேடம் என்னிடம் ஓர் உறையைத் தந்தார். உள்ளே அந்த டி.சி. இருந்தது. அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது அதை நாகமணியிடம் காட்டினேன். இத்தனை ஆண்டுகளாக அதற்கு எனக்குத் தைரியம் இருக்கவில்லை. தன் பெயரைப் படித்தாள். தாளின் அடிப்பகுதியை விரலால் தடவினாள்.

"மேடம் கையெழுத்து இல்ல. இது செல்லாது சார்" என்று திருப்பித் தந்தாள்.

செல்லாத அந்தத் தாளைத்தான் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.