சொல்லாமல் விட்டவை

எனக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். க, ப, ம என்று தொடங்கும் சொற்கள் தொண்டை வரை வந்து நின்றுவிடும். உதடு துடிக்கும், சத்தம் வராது. அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் கோப்பை செய்யும் ஒரு பட்டறையில் சூளை வேலைக்குச் சேர்ந்தேன். சூளையோடு யாரும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் காலை சூளையைத் திறந்தபோது பாதிக் கோப்பைகள் கீறல் விட்டிருந்தன. நன்றாக ஆறுவதற்கு முன்பே யாரோ கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். மேஸ்திரி என்னைக் கேட்டார். முந்தின ஷிப்டில் நான் இல்லை என்று சொல்ல வேண்டும். ‘முந்தின’விலேயே மாட்டிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

“சரி விடு. இனிமே பாத்து செய்யி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழி என்மேல் தங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பும் வழியில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அதில் எழுதினேன். கையெழுத்து மோசம்தான், ஆனால் ஒரு சொல்லும் திக்கவில்லை. எழுதி முடித்ததும் பசி எடுத்தது. மறுநாளும் எழுதினேன். அதன்பிறகு எழுதாத நாள் குறைவு.

முதல் சில மாதங்கள் எழுதியது முழுக்கப் புகார்தான். மேஸ்திரி இப்படிச் சொன்னார், கூட வேலை செய்பவன் என்னைப்போல் பேசிக் காட்டினான், அண்ணன் எனக்குப் பதிலாக எல்லாரிடமும் பேசிவிடுகிறார். மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லாமல், நோட்டை முதலிலிருந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே எரிச்சல் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ‘நான் சொல்லவில்லை’ என்று முடித்திருந்தேன். அவற்றில் நிறைய இடங்களில் நான் திக்கவே இல்லை. வாயையே திறக்கவில்லை. திக்குவது வேறு, பயப்படுவது வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. திக்குக்கு நான் பொறுப்பில்லை. பயத்தை ஏதாவது செய்ய முடியும் என்று தோன்றியது.

அதிலிருந்து புகாரை நிறுத்தினேன். அன்றன்றைக்கு எந்தச் சொல்லைத் தவிர்த்தேன், ஏன் தவிர்த்தேன் என்பதை மட்டும் எழுதினேன். வெட்கமாக இருந்தது. எனக்குப் பிடித்தது காபி, ஆனால் கடையில் டீ என்றே கேட்டு வந்திருக்கிறேன். அக்கா கருவேப்பிலங்குறிச்சியில் இருந்தாள். அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல், ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டியிருக்கிற சேத்தியாத்தோப்புக்கு டிக்கெட் வாங்கி, வழியில் இறங்கிக்கொள்வேன்.

இனி ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் இறங்குவது என்று எழுதிவைத்துவிட்டு, அடுத்த வாரம் பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைத் தெரிந்தவர். கேட்காமலே சேத்தியாத்தோப்பு டிக்கெட்டைக் கிழிக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ‘க’ வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்சீட்டு அம்மா எனக்காக ஏதோ ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார். அதற்கும் தலையாட்டி மறுத்தேன். வியர்த்துக் கொட்டியது. கடைசியில் கருவேப்பிலங்குறிச்சி முழுசாக வந்தது.

“இதுக்குத்தான் இவ்ளோ நாளா சேத்தியாத்தோப்பு வாங்குனீங்களா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“ஆமாங்க.”

“நான் நிக்க மாட்டனாங்க? சொல்றவரைக்கும் நிப்பேன்” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இப்படி ஒவ்வொரு சொல்லாகப் பழகிக்கொண்டிருந்தபோது, நல்லூரில் நிலம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எனக்குப் பெண் பார்த்தார். பெண் வீட்டில் என் திக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

“நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன். தாலி கட்டுனப்புறம் எல்லாம் சரியாப் போயிடும்” என்றார்.

அந்த வாரம் முழுக்க அதைப் பற்றியே எழுதினேன். முதல் நாள் அண்ணன் மேல் கோபம். அடுத்த நாள், அவர் என் நல்லதுக்குத்தானே செய்கிறார் என்று எழுதினேன். அதற்கும் அடுத்த நாள்தான் உண்மையில் எனக்கு என்ன வேண்டும் என்பது வந்தது. கல்யாணம் வேண்டும். ஊமையாக நடித்துக் கட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டு வரிதான். அதற்குமேல் எழுத எதுவும் இல்லாததால் நோட்டை மூடினேன்.

பெண் வீட்டில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். கேட்டதற்கெல்லாம் அண்ணனே பதில் சொன்னார். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, “மாப்ள ரொம்ப அமைதிங்களா?” என்றார்.

“ஆமாங்க, அதிகம் பேச மாட்டான்” என்றார் அண்ணன்.

“அமைதி இல்லீங்க” என்றேன். “எனக்குப் பே... பே... பேச்சு திக்கும். உங்களுக்குத் தெரியணும்.”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். கதவோரம் நின்றிருந்த பெண் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். “சொல்லி அனுப்புறோங்க” என்றார் அவள் அப்பா. சொல்லி அனுப்பவே இல்லை.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: “அஞ்சு நிமிசம் வாய மூடிக்கினு இருக்க முடியல இல்ல உன்னால?”

பேசியதற்காக நான் வாங்கிய முதல் திட்டு அது. வருத்தம் வரும் என்று எதிர்பார்த்து அன்றைக்கு நோட்டின் முன்னால் உட்கார்ந்தேன். வரவில்லை. இல்லாததை எழுதக் கூடாது என்று, ‘வருத்தமில்லை’ என்று மட்டும் எழுதினேன்.

அண்ணன் அறுவடை முடியும்வரை என்னோடு பேசவில்லை. பிறகு அவரே பட்டறை வாசலில் வந்து நின்றார். இன்னொரு இடம் இருக்குது, போய் வரலாமா என்று கேட்டார். போனோம். உட்கார்ந்ததும், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, “என் தம்பிக்குப் பேச்சு திக்குங்க. கொஞ்சம் நேரம் குடுத்தா நல்லாப் பேசுவான்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது: “பேசச் சொல்லுங்க, கேக்கலாம்.”

என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை. ரொம்ப நேரம் பேசினேன் என்று என் மனைவி சொல்கிறாள்.